நீல அட்டை, மஞ்சள் அட்டை: என் கட்டுரையை நானே திரும்பப் பெற்ற கதை

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் முதுகலை மாணவி மடிக்கணினியைத் திறந்தபடியே அறைக்குள் வந்தாள். வெளியே நல்ல மழை. பாலத்தில் வண்டிகள் நகராது, இருட்டின பிறகு கிளம்பலாம் என்று உட்கார்ந்திருந்தேன். "மிஸ், ஒரு சின்ன சந்தேகம்" என்றாள். பிள்ளைகள் சின்ன சந்தேகம் என்று ஆரம்பித்தால் கையில் இருக்கிற வேலையை ஓரம்கட்டிவிடுவது என் வழக்கம்.

அவள் கேட்டது நான்கு வருஷத்துக்கு முன் நாங்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையைப் பற்றி. பினாங்கில் ஒரு கல்லூரியில் பொதுச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். சர்க்கரை நோயாளிகளை ஒரு தாதி அரை மணி நேரம் உட்கார வைத்து, காலைப் பார்த்துக்கொள்ளும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தால் புண் வருவது குறையுமா என்பதுதான் ஆய்வு. தீவில் ஒரு கிளினிக், கடலுக்கு அந்தப் பக்கம் பிறையில் ஒரு கிளினிக். சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம். பயிற்சி பெறுபவர்களுக்கு நீல அட்டை, வழக்கமான ஆலோசனை மட்டும் பெறுபவர்களுக்கு மஞ்சள் அட்டை. ஆறு மாதம் கழித்து யார் காலில் புண், யாருக்கு இல்லை என்று கணக்கு. நீல அட்டைக்காரர்களுக்குப் புண் நன்றாகவே குறைந்திருக்கிறது என்று முடிவு வந்தது. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. துறை அறிவிப்புப் பலகையில் கட்டுரையின் முதல் பக்கம் கொஞ்ச நாள் தொங்கியது.

"தீவு ஷீட்ல நீலத்துக்கு 1, மஞ்சளுக்கு 2 மிஸ். பிறை ஷீட்ல பார்த்தா நீலத்துக்கு 2 போட்டிருக்காங்க. ஃபாரத்தோட ஒத்துப் பார்த்துட்டேன். ரெண்டையும் ஒட்டும்போது நீங்க மாத்தினீங்களா?"

மாற்றவில்லை. அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே பாதி வரை 1, 2, 1, 1, 2. அதற்குக் கீழே பிறைக்காரர்கள்; அதே 1, அதே 2, நேர் எதிர்ப் பொருளில். எக்செல்லுக்கு என்ன தெரியும்? ஒட்டு என்றால் ஒட்டும். பதிவு செய்த இரண்டு பேரும் அவரவர் வழக்கப்படி சரியாகத்தான் செய்திருந்தார்கள். இரண்டையும் ஒன்றாக்கியவள் நான். தைப்பூசத்துக்கு முதல் நாள் தண்ணீர்மலைக்குக் கிளம்பும் அவசரத்தில் செய்துவிட்டேன் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். அது சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை. அவசரமே இல்லை.

அன்றிரவு பிறை எண்களைத் திருப்பிப் போட்டு மறுபடி ஓட்டினேன். தீவில் பயிற்சி பெற்றவர்களுக்குப் புண் குறைவு. பிறையில் பயிற்சி பெற்றவர்களுக்கே கூடுதல். சேர்த்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று கழிந்து, சொல்லும்படி எதுவும் மிஞ்சவில்லை. தலைப்பிலேயே நாங்கள் போட்டிருந்த முடிவு தப்பு.

அப்போதே ஏன் தெரியவில்லை என்று பிறகு பலரும் கேட்டார்கள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எதிர்பார்த்த முடிவே வந்ததால் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. எதிர்மாறாக வந்திருந்தால் அன்றைக்கே ஃபாரத்தைத் தேடி எடுத்திருப்போம். இப்போது என்னிடம் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஒரே கட்டளை: மனசுக்குப் பிடித்த முடிவு வந்ததா, முதலில் ஃபாரத்தை எடு. பத்துக்கு ஒன்றை எண்ணி எடுத்து ஒருத்தர் காகிதத்தைப் படிக்க, இன்னொருத்தர் திரையைச் சரிபார்க்க வேண்டும். குழுவுக்கு 1, 2 என்று போடுவதையே நிறுத்திவிட்டோம். 'பயிற்சி', 'வழக்கம்' என்று எழுத்திலேயே போடுகிறோம்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மனசு பேரம் பேசியது. மொத்தமாகப் பத்துப் பதினைந்து பேர்தான் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். மாணவியிடம் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்னால் அவள் கேட்கப் போவதில்லை. திங்கள் காலை ஓய்வுபெற்ற என் பேராசிரியருக்குப் போன் போட்டேன். கட்டுரையில் கடைசிப் பெயர் அவருடையது.

"பசியாறிட்டீங்களா புரொஃப்?"

"ஆச்சும்மா. என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"ஃபாரமெல்லாம் இருக்கா?"

"இருக்கு. ஒன்னுகூடத் தொலையல."

"அப்ப என்ன பயம்? ஃபாரம் இல்லேன்னு சொல்லியிருந்தாதான் நான் பயந்திருப்பேன். இன்னிக்கே எடிட்டருக்கு எழுது."

இன்னொரு கூட்டாசிரியர் அப்படிச் சொல்லவில்லை. "யாரும் கேக்கலையே சிஸ்டர், நாமளே போய் எதுக்கு வாயக் கொடுக்கணும்? என் பதவி உயர்வு ஃபைல் இப்பதான் மேல போயிருக்கு" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே வருஷத்துக்கு இத்தனை கட்டுரை, அதுவும் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் சேர்ந்த இதழில் என்று கணக்கு வைத்துத்தான் எங்களுக்குப் புள்ளி போடுகிறார்கள். கட்டுரை ஒன்று கழிந்தால் புள்ளியும் கழியும். அவருக்கு நான் அனுப்பியது இரண்டு செய்திகள். ஒன்று, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ஜாமா 2018ல் வெளியிட்ட ஓர் ஆய்வு. நுரையீரல் நோயாளிகளுக்கான பராமரிப்புத் திட்டம் பலன் தருகிறது என்று அதன் ஆசிரியர்கள் எழுதியிருந்தார்கள். பிறகு, குழு எண்களை மாற்றிப் போட்டபோது இரண்டு குழுவும் இடம் மாறிவிட்டதைக் கண்டுபிடித்து அவர்களே இதழுக்குச் சொன்னார்கள். திருத்திப் பார்த்தால் திட்டத்தில் சேர்ந்தவர்களே அதிகம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்திருந்தார்கள். 2019 அக்டோபரில் பழையதைத் திரும்பப் பெற்று, சரிசெய்ததை அதே இதழ் வெளியிட்டது. எங்கள் பிழைக்கு அண்ணன் பிழை அது.

இன்னொன்று பிரான்சிஸ் ஆர்னல்ட். 2018ல் வேதியியலுக்கு நோபல் வாங்கியவர். 2020 ஜனவரியில், முந்தின வருஷம் சயன்ஸ் இதழில் வந்த தன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டோம், சோதனையை மறுபடி செய்தால் அதே முடிவு வரவில்லை, அப்போது வேலை நெருக்கடியில் சரியாகக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று ட்விட்டரில் அவரே போட்டார். திட்டியவர்களைவிடப் பாராட்டியவர்கள்தான் அதிகம். 'நோபல் வாங்கினவங்களுக்குச் சரி' என்று கூட்டாசிரியர் முணுமுணுத்தார். ஆனால் மறுநாள் ஒப்புக்கொண்டார்.

கடிதம் எழுதுவதில்தான் முதலில் சறுக்கினேன். நான் எழுதியது இரண்டு பக்கம். பாதிக்கு மேல் மன்னிப்பு. புரொஃப் அதை வாங்கி, வருத்தம் தெரிவித்த வரிகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடித்துவிட்டார். "எடிட்டர் உன்ன மன்னிக்கிற இடத்துல இல்ல. அவருக்கு எது தப்பு, எப்படித் தெரிஞ்சது, முடிவு மாறுதா, இந்த மூனும்தான் வேணும்." கடைசியில் போனது அரைப் பக்கம்: கட்டுரையின் தலைப்பும் டிஓஐ என்ற அதன் அடையாள எண்ணும், எந்த அட்டவணையில் எந்த எண்கள் தப்பு, பிழை எப்படி நேர்ந்தது, யார் எப்போது கண்டார், சரிசெய்தால் முடிவு மாறுகிறது என்ற ஒரு வரி. பழைய கணக்கு, புதிய கணக்கு, தரவுக் கோப்பு மூன்றும் இணைப்பில். 'முடிவு மாறுகிறது' என்பதைக் கடைசிப் பத்தியில் ஒளித்து வைக்கத் தோன்றும். அதைத்தான் முதல் வரியாக வைக்க வேண்டும்.

இரண்டு நாளில் பதில் வந்தது. குளிர்ச்சியும் இல்லை, கோபமும் இல்லை. நன்றி என்று ஆரம்பித்து ஒரு பட்டியல்: மூல ஃபாரங்களின் நகல், பெயர் நீக்கிய தரவு, கணக்குப் போட்ட வரிகள், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம், எல்லா ஆசிரியர்களும் கையெழுத்திட்ட சம்மதம். இந்தக் கடைசி ஒன்றுக்குத்தான் ஐந்து வாரம் ஆனது. ஆசிரியர்களில் ஒரு மருத்துவர் வேலை மாறிப் போயிருந்தார். கட்டுரையில் இருந்த அவருடைய மின்னஞ்சல் பழைய இடத்தோடு மூடப்பட்டிருந்தது. கடைசியில் அவர் மனைவியின் தோழி மூலமாகப் பிடித்தேன். அன்றிலிருந்து தொடர்பு ஆசிரியர் என்று என் பெயர் வந்தால் சொந்த மின்னஞ்சலையும் சேர்த்தே கொடுக்கிறேன், ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாளக் கணக்கிலும் அதையே வைத்திருக்கிறேன். இதழிலிருந்து ஒரு கேள்விக் கடிதம் வந்து, அது செத்துப்போன முகவரிக்குப் போய், பதில் இல்லை என்று உங்களைப் பற்றி எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சுகாதார அமைச்சின் கிளினிக்கில் செய்த ஆய்வு என்பதால் எங்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஆய்வு தொடங்க எம்ஆர்இசி என்ற அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கியிருந்தோம், வெளியிட அமைச்சின் அனுமதி வாங்கியிருந்தோம். இரண்டு இடத்துக்கும் நடந்ததைச் சொல்லி மறுபடி எழுதினோம்.

காத்திருந்த நேரத்தில்தான் ஆய்விதழ்கள் எந்தப் புத்தகத்தைப் பார்த்து நடக்கின்றன என்று உட்கார்ந்து படித்தேன். கோப் என்று சுருக்கிச் சொல்கிற பதிப்பு நெறிமுறைக் குழு 1997ல் பிரிட்டனில் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கூடித் தொடங்கியது. இன்றைக்கு ஆயிரக்கணக்கான இதழ்கள் அதன் வழிகாட்டலைத்தான் பார்க்கின்றன. கட்டுரையின் சிறு பகுதி மட்டும் தப்பு, முடிவு நிற்கிறது என்றால் திருத்தக் குறிப்பு போதும். பிழை அச்சகத்தாருடையது என்றால் எர்ராட்டம், எழுதியவருடையது என்றால் கொரிஜெண்டம் என்று சில இதழ்கள் பிரித்துச் சொல்லும். சந்தேகம் பலமாக இருக்கிறது, விசாரணை முடியவில்லை, அதற்குள் வாசகரை எச்சரிக்க வேண்டும் என்றால் கவலைக் குறிப்பு. முடிவையே நம்ப முடியாது என்றால் ரிட்ராக்‌ஷன், அதாவது திரும்பப் பெறுதல். இங்கே எனக்குப் புதிதாகத் தெரிந்தது: ரிட்ராக்‌ஷனுக்குக் காரணம் ஏமாற்றாக இருக்க வேண்டியதில்லை. நேர்மையான பிழை என்றாலும் முடிவு நிற்கவில்லை என்றால் அதே பெயர்தான். திருத்தியது உருப்படியாக இருந்தால் பழையதைத் திரும்பப் பெற்று, புதியதை அதே இதழில் மாற்றி வைக்கும் வழியும் உண்டு. மத்தியதரைக் கடல் நாட்டு உணவு முறை பற்றி ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் என்ற பெரிய ஆய்வை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 2013ல் வெளியிட்டது, 2018ல் அப்படித்தான் செய்தது. அங்கே சில இடங்களில் சீட்டுக் குலுக்கல் சரியாக நடக்கவில்லை.

பழைய கட்டுரையை நீக்கிவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீக்க மாட்டார்கள். சட்டச் சிக்கல், நோயாளியின் அந்தரங்கம், உயிருக்கு ஆபத்து மாதிரி அபூர்வமான காரணம் இருந்தால் ஒழிய அது அங்கேயே இருக்கும், மேலே முத்திரையோடு.

இதைக் கேட்டதும் எனக்கு அப்பாவின் ஞாபகம். அவர் தவறியபோது தமிழ்ப் பத்திரிகையில் கொடுத்த மரண அறிவித்தலில் இறுதிச் சடங்கு நேரம் தப்பாக அச்சாகிவிட்டது. மறுநாள் ஓரத்தில் 'திருத்தம்' என்று ரெண்டு வரி போட்டார்கள். முதல் நாள் பேப்பரைப் பார்த்தவர்கள் சுடலைக்குப் போய்விட்டு யாருமில்லாமல் திரும்பினார்கள், ரெண்டாம் நாள் பேப்பரை அவர்கள் எங்கே பார்த்தார்கள்? ஆய்விதழ் முத்திரையைக் கட்டுரையின் மேலேயே குத்துவது அதனால்தான்.

நான்கு மாதம் போனது. எடிட்டர் வெளியே ஒரு புள்ளியியல் நிபுணரிடம் கொடுத்து எங்கள் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார். முடிவு: திரும்பப் பெற்று மாற்றி வெளியிடலாம். அறிவிப்பின் வரைவை எங்களுக்கு அனுப்பினார்கள். முதல் வரைவில் 'தரவுப் பிழை காரணமாக' என்று மட்டும் இருந்தது. படித்தால் யாரோ எதையோ ஒளிப்பது மாதிரி. நாங்கள் கேட்டோம்: என்ன பிழை, யார் கண்டார்கள், யார் கேட்டுத் திரும்பப் பெறப்படுகிறது, இதையெல்லாம் எழுதுங்கள். யார் திரும்பப் பெறுகிறார், ஏன் என்று அறிவிப்பில் இருக்க வேண்டும், காசு கட்டாமலே எவரும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது கோப் வழிகாட்டலிலேயே இருக்கிறது. மாற்றிக் கொடுத்தார்கள். உங்களுக்கு இது நேர்ந்தால் வரைவு வரும்போது சோர்ந்துபோய் 'சரி' என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்களைப் பற்றிப் பிறகு தேடுகிறவர்கள் படிக்கப் போவது அந்த நாலு வரியைத்தான்.

வெளியான அன்று பிடிஎஃப்பைத் திறந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காகச் சிவப்பில் 'ரிட்ராக்டட்'. என் பெயருக்கு மேலேயும். தெரிந்த விஷயம்தான், நானே கேட்டு வாங்கியதுதான். இருந்தாலும் அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை.

அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு கறை இருக்கிறது. திரும்பப் பெறப்பட்ட 2,047 உயிர்மருத்துவக் கட்டுரைகளை 2012ல் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் அலசினார்கள். 67.4 விழுக்காடு முறைகேட்டால், 21.3 விழுக்காடு பிழையால் திரும்பப் பெறப்பட்டவை. அப்புறம் கேட்கிறவன் 'என்ன திருடினாய்' என்றுதானே கேட்பான்? என் சுயவிவரத்தில் இப்போது புதிய கட்டுரையைப் போட்டு, கீழேயே 'பழையதைத் திரும்பப் பெற்று மாற்றியது' என்று ஒரு வரி வைத்திருக்கிறேன். மறைத்துவிட்டு நேர்காணலில் அவர்களாகக் கண்டுபிடித்தால் அதற்குப் பேர் வேறு.

அடுத்த வருஷம் ஒரு சிறிய ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் சேரச் சொன்னார்கள். சம்பளம் கிடையாது. மேசையின் மறுபக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசையில் ஒப்புக்கொண்டேன்.

என்னிடம் வந்த முதல் புகார் பெயரில்லாத ஒரு மின்னஞ்சல். நான்கே வரி. 'மூன்றாம் படத்தின் இரண்டாவது கட்டமும் ஐந்தாம் படத்தின் நான்காவது கட்டமும் ஒரே படம். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறது. விளக்கம் வேறு வேறு.' மோசடி, திருடன் என்று ஒரு சொல் இல்லை. நல்ல புகார் என்றால் அதுதான். பக்கம், படம், வரி. அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்ற கதை வேண்டாம். பெயர் இல்லாமல் வந்தாலும் ஆதாரம் இருந்தால் பார்த்தே ஆக வேண்டும். அச்செடுத்து, ஒன்றைத் திருப்பிப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தேன். இடது மூலையில் அரிசி மணி மாதிரி மூன்று செல்கள், அதற்குப் பக்கத்தில் ஒரு தூசுப் புள்ளி. அச்சு அசலாக உட்கார்ந்தது. செல்கள்கூடத் தற்செயலாக ஒத்துப்போகும் என்று வாதாடலாம், தூசு எப்படி ஒத்துப்போகும்?

இப்படிப்பட்ட படங்களைக் கண்ணாலேயே பிடிப்பதில் பேர்போனவர் எலிசபெத் பிக். 20,621 கட்டுரைகளை அவரும் இன்னும் இருவரும் சேர்ந்து பார்த்து, 3.8 விழுக்காட்டில் சந்தேகப் படங்கள் இருப்பதாக 2016ல் வெளியிட்டார்கள். அதே வருஷம் கோலாலம்பூர் ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்றில் படங்களை வெட்டி ஒட்டியிருப்பதைச் சமூக ஊடகத்தில் எவரோ காட்ட, அது உலகமெல்லாம் சுற்றிக் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகு மலேசிய முகவரி போட்ட கட்டுரை என்றால் கொஞ்ச நாள் எல்லாரும் கூர்ந்து பார்த்தார்கள் என்பது என் நினைப்பு.

எங்கள் வழக்கில் கட்டுரையை எழுதியவருக்கு எழுதினோம்: படங்கள் ஒன்றுபோல் தெரிகின்றன, மூலக் கோப்பு அனுப்புங்கள். 'கோப்பு மாறிப்போச்சு' என்று பதிலும் ஒரு புதுப் படமும் வந்தது. அந்தப் படக் கோப்பு உருவான தேதி அதற்கு முந்தின வாரம்! மறுபடி கேட்டோம். பதில் இல்லை. இரண்டு நினைவூட்டல். பிறகு அவருடைய கல்வி நிறுவனத்துக்கு எழுதினோம். அங்கேயும் மாதக் கணக்கில் மௌனம்.

இதற்கு நடுவில் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண விருந்து. பாயசம் வரும் நேரம் பார்த்து, தூரத்துச் சொந்தமான ஒரு மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒங்க பத்திரிகையில நம்ம பையன் ஒருத்தன் கட்டுரை பிரச்சினையாமே. இந்த அளவுக்குப் படிச்சு வந்தவன்மா. நம்மாளே நம்மாள மாட்டிவிடலாமா? கொஞ்சம் பார்த்துச் செய்." எனக்கு மூச்சு நின்றுவிட்டது. கட்டுரையின் பெயரை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை. "மாமா, அவர்கிட்ட மூலப் படம் இருந்தா அனுப்பச் சொல்லுங்க. அது வந்தா நானே அவருக்காகப் பேசறேன்" என்றேன். மாமா எழுந்து போய்விட்டார். மறுநாள் தலைமை எடிட்டருக்கு, இப்படி ஒருவர் பேசினார், உறவு இன்ன மாதிரி என்று எழுதி, அந்த வழக்கிலிருந்து விலகிக்கொண்டேன். தமிழர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் தெரிந்து வாழ்கிற இடத்தில் இது நடக்கத்தான் செய்யும். எழுத்தில் வைத்துவிட்டால் பிறகு யாரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது.

கவலைக் குறிப்பு முதலில் வந்தது, ரிட்ராக்‌ஷன் மறு வருஷம். அறிவிப்பில் மோசடி என்ற சொல் இல்லை. படங்கள் ஒன்றாக உள்ளன, மூலத் தரவு கிடைக்கவில்லை, ஆகவே முடிவை நம்ப முடியாது என்று மட்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதைக் கோழைத்தனம் என்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன். ஆனால் ஆய்விதழுக்கு ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும் அதிகாரம் இல்லை, கணினியைப் பறிமுதல் செய்ய முடியாது, யார் கை படத்தைத் திருப்பியது என்று சாட்சி விசாரிக்க முடியாது. அந்த வேலை ஆளை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்துடையது. இதழால் சொல்ல முடிந்தது காகிதத்தைப் பற்றி மட்டும்.

தாமதத்துக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட, வேக்ஃபீல்ட் என்ற மருத்துவரின் கட்டுரை, 12 பிள்ளைகளை வைத்து எழுதியது, லான்செட் என்ற மருத்துவ இதழில் 1998ல் வந்தது. முழுதாகத் திரும்பப் பெற்றது 2010ல். அதற்குள் எத்தனை வீட்டில் ஊசி வேண்டாம் என்றிருப்பார்கள்! அதே லான்செட், கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து பற்றி 2020 மே 22ல் வெளியிட்டதை ஜூன் 4ல் திரும்பப் பெற்றது. தரவைக் கொடுத்த நிறுவனம் மூலத்தைச் சரிபார்க்கக் கொடுக்க மறுத்ததும் ஆசிரியர்கள் மூவர் கைவிட்டார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்தால் 13 நாளில் முடிகிறது. உங்கள் கட்டுரையையும் என் கட்டுரையையும் யார் பார்க்கிறார்கள்?

இன்னொரு வகை மொத்தக் கொள்முதல். வெளியிடும் முன் வேறு நிபுணர் படித்துச் சொல்லும் மதிப்பாய்வையே போலியாக எழுதுவது, காசுக்கு எழுதித்தரும் கட்டுரை ஆலைகள். ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களில் மட்டும் 2023ல் 8,000க்கு மேல் திரும்பப் பெறப்பட்டன. அந்த வருஷம் உலக மொத்தம் 10,000த்தைத் தாண்டியது. எங்கள் சிறிய இதழிலேயே ஒருவர் தனக்கு மதிப்பாய்வாளராகப் பரிந்துரைத்த பேராசிரியரின் மின்னஞ்சல் ஜிமெயிலில் இருந்தது. அந்தப் பேராசிரியரின் பல்கலைக்கழக முகவரிக்கு எழுதிக் கேட்டால், 'நான் அந்தக் கட்டுரையைக் கேள்விப்பட்டதே இல்லை' என்றார். மதிப்பாய்வு மட்டும் ஆறு மணி நேரத்தில் வந்திருந்தது, ஒரே புகழ்ச்சி. அவசரமாகப் பாராட்டும் மதிப்பாய்வைக் கண்டால் இப்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

படிக்கிற பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. திரும்பப் பெற்ற கட்டுரையை மேற்கோள் காட்டுவது நின்றுவிடுவதில்லை. பழைய பிடிஎஃப்பை இறக்கி வைத்தவர்களிடம் சிவப்பு எழுத்து இருக்காதே. ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற குழு 2010லிருந்து இவற்றைத் தொகுக்கிறது. அந்தத் தரவுத்தளத்தை 2023ல், கட்டுரைகளின் டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. மேற்கோள்களை ஸோட்டெரோ என்ற மென்பொருளில் வைத்திருந்தால் திரும்பப் பெற்றவற்றின் பக்கத்தில் அதுவே குறி போட்டுக் காட்டும். சமர்ப்பிப்பதற்கு முதல் நாள் ஒரு முறை பார்க்கச் சொல்லி மாணவர்களிடம் சண்டை போடுகிறேன். போன வருஷம் ஒரு ஆய்வேட்டில் மூன்று மாட்டியது.

அட்டைக் குழப்பத்தைக் கண்டுபிடித்த மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடன் வாங்கும் நாடுகளின் வளர்ச்சி பற்றி 2010ல் இரண்டு பெரிய பொருளாதார அறிஞர்கள் எழுதிய கட்டுரையில், எக்செல் சராசரியில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்ததை 2013ல் வெளிக்கொண்டுவந்தவரும் ஒரு முனைவர் பட்ட மாணவர்தான். வகுப்புப் பாடத்துக்காகக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது இடித்தது. எங்களவள் பயந்துகொண்டுதான் வந்திருக்கிறாள், நான்கு நாள் கதவு வரை வந்து திரும்பினாளாம். அறிவிப்பில் அவள் பெயரைப் போட்டோம். அவள் அம்மா ஒரு டப்பா முறுக்கு கொடுத்தனுப்பினார். மாணவி கண்டுபிடித்ததற்கு மிஸ்ஸுக்கு முறுக்கு, என்ன கணக்கோ.

எல்லாம் முடிந்து, புதிய கட்டுரையின் இரண்டு பிரதியோடு ஒரு நாள் பெர்ரி ஏறி அக்கரைக்குப் போனேன். பிறைக் கிளினிக்கில் பயிற்சி கொடுத்த மிஸ்ஸி, அதாவது தாதி, இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம். ஆய்வு முடிந்த பிறகும் மீந்த நீல அட்டைகளை மைலோ டப்பாவில் போட்டு வைத்திருந்தார். சுவரில் கால் படம் ஒட்டி, கீழே ஒரு முக்காலி, கண்ணாடி ஒன்று.

"இன்னும் செய்றீங்களாக்கா?"

"ஆமா டாக்டர். ஒங்க கட்டுரையில புண்ணு குறையுதுன்னு போட்டிருந்தீங்களே. செவ்வாயும் வியாழனும் உக்கார வெச்சுச் சொல்லித் தர்றேன். வேற யாரும் சொல்லல, நானாத்தான்."

நான்கு வருஷமாக, வாரம் இரண்டு நாள். மேற்கோள் எண்ணிக்கையில் இந்த அம்மா இல்லை. முக்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். எண்ணைத் தப்பாக ஒட்டியது, திருத்தினால் வித்தியாசம் இல்லாமல் போனது, இந்தக் கிளினிக்கில் பயிற்சி பெற்றவர்களுக்கே புண் அதிகமாகப் பதிவானது. அவர் அட்டையை விரலால் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"அதிகம்னா, நான் சொன்னதால வந்துச்சா?"

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. நீங்க காலப் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததால, மத்தவங்க கவனிக்காத சின்னப் புண்ணையும் இவங்க வந்து காட்டியிருக்கலாம். அதுவும் இருக்கலாம்தான், எங்களுக்கு உறுதியாத் தெரியல."

"அப்ப நிறுத்திடவா?"

வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள், ஒரு பாட்டி செருப்பைக் கழற்றித் தயாராகவே வைத்திருந்தார். அதற்குக் கட்டுரையில் பதில் இல்லை என்றேன். கெடுதல் என்று சொல்ல ஆதாரமில்லை, பலன் என்று சொல்லவும் ஆதாரமில்லை. அந்த அரை மணி நேரத்தை வேறு எதற்குச் செலவழிப்பீர்கள் என்பதைப் பார்த்து டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள் என்றேன். அவர் புதிய கட்டுரையை வாங்கி, படிக்காமல், நாலாக மடித்து மைலோ டப்பாவுக்குள் அட்டைகளின் மேல் வைத்து மூடினார். பிறகு வாசலைப் பார்த்து, "அடுத்தது யாரும்மா, வாங்க" என்றார்.